தொப்பிக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை உள்ள எல்லாக் கம்பெனிக்காரர்களையும் வரிசையில் நிறுத்தி, 'உங்களில் யார் ரொம்பத் தனியாள்?' என்று கேட்டால், எல்லாரும் முக்காமணியைக் காட்டுவார்கள். முக்காமணி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் எங்கபா தனியாளு? ரூம்ல நம்ம பசங்க இருக்காங்களே" என்பார். அந்தப் பசங்கள் ஆறு பேர். ஆறு பேரும் அமெரிக்காக்காரர்கள், அவருடைய அப்பாவைவிட மூத்தவர்கள். முக்காமணி என்று ஒருவர் பூமியில் இருக்கிறார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது ஒரு பாட்டுக் கோஷ்டி. மேடை ஏறினால் ஒரு பாட்டை முக்கால் மணி நேரம் வாசிக்கிற கோஷ்டி. பாட்டில் வார்த்தை என்று பார்த்தால் நாலு வரிதான். அதைப் பாடிவிட்டுக் கிடாரும் ஆர்கனும் டிரம்ஸுமாகக் கிளம்பிவிடுவார்கள். எங்கெங்கோ போவார்கள், வழி தெரியாதவர்களைப் போலச் சுற்றுவார்கள். கேட்கிறவனுக்குத் தன் வீட்டு விலாசமே மறந்துபோன பிறகு, திரும்பி வந்து அந்த நாலு வரியை மறுபடி பாடி முடிப்பார்கள். முக்காமணிக்கு அந்தப் பெயர் வந்த காரணம் இதுதான். உண்மைப் பெயர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படிக்கிற அளவுக்கு யாரும் பக்கத்தில் போனதில்லை, போனால் பாட்டுப் போட்டுவிடுவார்.

செய்யாறு பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில், பெயின்ட் கலக்கும் அறையில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, மூக்கில் மாஸ்க், கதவு எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே அவரும் டிரம்களும் மட்டும். நான் அதே கம்பெனியில் பெயின்ட் அடித்து வருகிற பம்பரில் கீறல் தேடுகிற குவாலிட்டி டிரெய்னி. குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். அந்தப் புத்தியோடுதான் இப்போது பத்தியும் எழுதுகிறேன் என்று வாசகர்கள் நினைத்தால் அது சரிதான்.

அந்தக் கோஷ்டி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை. ரோபோ மாட்ட ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் வந்திருந்தார், குடுமி வைத்தவர். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பெயின்ட் அறையில் உட்கார்ந்து முக்காமணியிடம் இங்கிலீஷில் ஏதேதோ கேட்பார். முக்காமணிக்கு இங்கிலீஷ் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். ஒருநாள் குடுமிக்காரர் தன் காதில் இருந்ததை எடுத்து இவர் காதில் மாட்டினார். அதற்கும் இவர் தலையை ஆட்டினார். நம் ரசனைக்கு ஏழு கடல் தாண்டி ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று குடுமிக்காரருக்கு உருகிப்போய்விட்டது. ஊருக்குக் கிளம்பும்போது மற்றவர்களுக்கெல்லாம் சாவிக்கொத்து கொடுத்தவர், முக்காமணிக்கு மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்தார். அது நிறைய அந்தக் கோஷ்டியின் கச்சேரிகள்.

கொடுத்த மனுஷனுக்கு மரியாதையாக ஒன்றிரண்டாவது கேட்போமே என்றுதான் ஆரம்பித்தாராம். "மொதல்ல தலவலிதாம்பா வந்துச்சு. அப்புறம் ஒருநா அந்தத் தலவலி வரலன்னா ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்பார்.

எங்கள் குடியிருப்பு இருங்காட்டுக்கோட்டையில். ஓனரம்மா கட்டிவிட்ட வரிசை அறைகள், கோடியில் பொதுக் குளியலறை, மாடியில் துணிக்கொடி. அந்த ஊரில் அறை என்றால் உங்களுக்குத் தெரிந்த அறை இல்லை. ஒரே பாயில் மூன்று ஷிப்டுக்காரர்கள் மாறி மாறித் தூங்குவார்கள். ஒருத்தன் எழுந்து போகும்போது அடுத்தவன் வந்து படுப்பான். கூடவே குடியிருப்பவனின் முகத்தைவிட அவன் தலையணை வாசனைதான் நமக்கு அதிகம் பழகியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் முக்காமணிக்கு மட்டும் ஓர் அறை முழுசாகச் சொந்தம். பணக்காரர் என்பதால் இல்லை. கூட வந்து தங்கியவர்களெல்லாம் ஓடிவிட்டார்கள். கடைசியாக ஓடியவன் திருநெல்வேலி சுடலை. ஓடி என் அறைக்குத்தான் வந்தான்.

"மனுசன் தங்கமான மனுசந்தாம்டே. சோறு போடுதாரு, துணி காயப் போடுதாரு. ஆனா அந்தப் பாட்டு இருக்கே, அது முடியும்னு காத்துக்கிட்டு இருந்து எனக்கு ரெண்டு ஷிப்ட் போச்சு" என்றான் சுடலை.

முக்காமணிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கல்யாணம், காணி நிலம், பெர்மனன்ட் வேலை எல்லாம் அதற்குப் பிறகு. யாராவது ஒருத்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசையோடு அவர் செய்த காரியங்களைச் சொன்னால் பத்திரிகை தாங்காது. இருந்தாலும் சிலதைச் சொல்கிறேன்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் டிரைவரின் போன் சார்ஜ் இறங்கிவிட்டது. வழக்கமாக ஓடும் சினிமாப் பாட்டு நின்றுவிட்டது. முக்காமணி சீட்டிலிருந்து எழுந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் போனை ப்ளூடூத்தில் சேர்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரர் போல எல்லாரையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" முக்காமணி அமைதியாக, "இதாம்பா பாட்டு" என்றார். ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது கிடார் மேலே மேலே ஏறி ஒரு கூவல் கூவியது. டிரைவர் சட்டென்று பிரேக் அடித்து, பஸ்ஸை ஓரம் கட்டி, இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஃபேன் பெல்ட் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அன்று கேட்டில் லேட் பஞ்ச். அன்றிலிருந்து முக்காமணி ஏறினால் டிரைவர், "போனை உள்ள வைங்க சார்" என்று சொன்ன பிறகுதான் கியர் போடுவார்.

யார் கல்யாணத்துக்குப் போனாலும் பென் டிரைவ்தான் பரிசு. அந்தக் கோஷ்டியின் ரசிகர்கள் உலகம் பூராவும் கச்சேரிகளைக் காசு வாங்காமல் கைமாற்றிக் கொள்வார்களாம், விற்றால் பாவமாம். குடுமிக்காரர் மெசேஜில் சொல்லி, நான் படித்துக் காட்டிய இந்த ஒரு விஷயத்தை முக்காமணி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மணமக்களுக்கு எந்தக் கச்சேரி பொருத்தம் என்று ஒரு வாரம் யோசித்து, பளபளக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவார். சுடலையின் அண்ணன் அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டான். முக்காமணியிடம் கேட்டால், "நல்லாருந்துச்சுன்னு சொன்னாங்க" என்று சந்தோஷப்படுவார்.

அவருக்குப் பெண் பார்க்கப் போனதுதான் உச்சம். வாலாஜாபாத் பக்கம். பெண்ணின் மாமா, "மாப்ளைக்கு ஏதாச்சும் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். குடிப்பாரா, புகைப்பாரா என்ற அர்த்தத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி. முக்காமணி, "ஒண்ணே ஒண்ணு உண்டுங்க" என்று போனை எடுத்துவிட்டார். கேசரி ஆறியது, காபி ஆறியது. மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இன்னும் எவ்ளோ கீது?" என்று கேட்க, இவர் "இனிமேதாங்க நல்லா இருக்கும்" என்றாராம். சம்பந்தம் அத்தோடு போயிற்று.

அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என் அறைக்கு வந்து, "தம்பி, அந்தப் பொண்ணு காலால தாளம் போட்டுதுபா. பொடவைக்குக் கீழ தெரிஞ்சுது" என்றார்.

"கொசுவா இருக்கும்ணே."

"கொசுவுக்குத் தாளம் வராதுபா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மூன்று நான்கு மாதம் வாலாஜாபாத் பஸ் போனால் நின்று பார்ப்பார்.

எனக்கு நாலு நிமிஷத்தில் முடிகிற பாட்டுதான் பாட்டு. பல்லவி, சரணம், போய்ச் சேர். அதனால் அவருடைய ரசனையை நான் விடாமல் கிண்டல் செய்வேன். கோபமே வராது. பாட்டுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். ஒன்று 'மழ வர்ற மாதிரி'. இன்னொன்று 'ஊருக்குப் போற வழி'. 'மழ வர்ற மாதிரி' மட்டும் அவரிடம் ஐம்பது அறுபது இருக்கும். அதே பாட்டு, வேறு வேறு ஊர்க் கச்சேரி. "எல்லாம் ஒண்ணுதானேண்ணே?" என்று கேட்டால், "நீ நேத்திக்குத் தின்ன சோறும் இன்னிக்குத் தின்ன சோறும் ஒண்ணா?" என்பார். எங்கள் கேன்டீனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவர் ஒன்றில் மழை தூரத்திலேயே நின்றுவிடுகிறது என்பார். ஒன்றில் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பார். ஒன்றில் மழை வரவே இல்லை, காத்திருந்ததுதான் மிச்சம், அதுதான் எல்லாவற்றிலும் பெஸ்ட் என்பார். கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லும்போது கிண்டல் செய்ய வாய் வராது.

அந்த ஆறு பேரில் கிடார் வாசிக்கிறவர்தான் அவருக்கு உயிர். வைக்கோல் தொப்பி போட்டவர். தொப்பிக்காரர் என்றுதான் சொல்வார். ஒருமுறை யூடியூபில் தொப்பிக்காரர் வீடியோவுக்குக் கீழே 'சூப்பர் சார், இருங்காட்டுக்கோட்டை' என்று தமிழிலேயே எழுதினார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதற்கு ஓர் இதயம் போட்டிருந்தார். அந்த இதயத்தை எங்கள் கம்பெனியில் பார்க்காதவர்கள் கிடையாது. செக்யூரிட்டிக்குக்கூடக் காட்டினார்.

பிறகு ஒருநாள் டீ இடைவேளையில் என் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வந்தார். வெள்ளை உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை நீட்டினார். குடுமிக்காரரிடமிருந்து மெசேஜ். "இது இன்னா போட்டிருக்குன்னு படிச்சி சொல்லுபா. எனக்குப் புரிஞ்சது தப்பா இருக்கும்" என்றார்.

தப்பாக இல்லை. தொப்பிக்காரர் இறந்துவிட்டார்.

முக்காமணி தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த பம்பரைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார். பிறகு லீவு எழுதிக் கொடுக்க எச்.ஆர். மேடத்திடம் போனார். இங்கிலீஷ் தேவைப்பட்டால் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"யார் இறந்தது?" என்றார் மேடம்.

"வேண்டியவர் மேடம்."

"அப்பாவா?"

"அப்பா முன்னாடியே போயிட்டாரு."

"டெத் லீவு பிளட் ரிலேஷனுக்குத்தாங்க."

முக்காமணி யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "பிளட்டு இல்ல மேடம். ரிலேஷன் மட்டும்தான்" என்றார்.

மேடம் ஆதாரம் கேட்டார். போனில் இருந்த செய்தியைக் காட்டினார். மேடம் அந்தத் தொப்பியையும் கிடாரையும் பார்த்தார், முக்காமணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன். என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்து 'பெரியப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்றுவரை அந்த அம்மாள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

அங்கிருந்து நேரே சலூன். மொட்டை. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஃப்ளெக்ஸ் கடை. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒருத்தர் செத்தால் அவர் சாகவில்லை என்று அர்த்தம். ஆறடி பேனர். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் தொப்பிக்காரர், இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. டிசைனர் வேகமாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டே வந்தார்.

"பேரு?"

"தொப்பிக்காரர்னே போடுங்க."

"கீழ யாரு, குடும்பத்தாரா?"

"ரசிகர்கள், இருங்காட்டுக்கோட்டை."

"சரி, போட்டோல்லாம் அனுப்புங்க. எத்தினி பேரு?"

முக்காமணி கம்ப்யூட்டரில் தெரிந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். டிசைனர் திரும்பிப் பார்த்தார். "எத்தினி பேருண்ணா?"

"நான் ஒருத்தன்தாம்பா."

மவுஸ் நின்றுவிட்டது. "ணா, ஆறடி பேனரு. கீழ எவ்ளோ எடம் கீது பாருங்க. ஒத்த மூஞ்சி வெச்சா மொக்கையா பூடும்ணா. பத்துப் பேராவது வோணும்."

முக்காமணி என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். நான் என் போட்டோவை அனுப்பினேன். சுடலைக்குப் போன் செய்தேன். கூலிங்கிளாஸ் போட்டுக் கடற்கரையில் நிற்கிற படத்தை அனுப்பி, "இதுதாம்டே இருக்கு" என்றான். மூன்று முகம் ஆயிற்று. டிசைனருக்குத் திருப்தி இல்லை. "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் பேனர் வந்து தெருமுனையில் நின்றது. கீழ் வரிசை நிறைய முகங்கள். அவரும் நானும் சுடலையும் ஓர் ஓரத்தில். மற்றவர்களெல்லாம் சட்டைப் பையில் பேனா குத்தி, கும்பிட்டுக்கொண்டு, போன் பேசிக்கொண்டு. ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ பழைய பேனரிலிருந்து டிசைனர் ஆள் பிடித்துப் போட்டுவிட்டார் என்பது எனக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. திட்டலாம் என்று திரும்பினேன். முக்காமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ்ளோ பேரு கேக்கறாங்களா?" என்றார். "நம்ம பக்கத்துலயேவா? கடக்காரரு எப்டியோ விசாரிச்சிப் புடிச்சிருக்காரு பாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. டீ குடிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

தெருவில் பேனருக்கு நல்ல வரவேற்பு. ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் நின்று பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி எம்.டி.ண்ணா? நாளைக்கு லீவா?" என்று கேட்டார்கள். எங்கள் கம்பெனி இல்லை என்று தெரிந்ததும் நிஜமாகவே துக்கப்பட்டார்கள்.

ஓனரம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மொட்டையைப் பார்த்தார், அறையில் மாலை போட்டு வைத்திருந்த தொப்பிக்காரர் படத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வாசலில் வரிசையாகப் போட்டார். அடுப்பில் கடுங்காபி வைத்தார். "வயசானவருதான் போலகீது. நோவு இல்லாம போனாரா?" என்று கேட்டு மூக்கைச் சிந்தினார். சாயங்காலம் வரை அந்த நாற்காலிகளில் யாரும் வந்து உட்காரவில்லை. சுடலையும் நானும் மாறி மாறி வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம், கூட்டம் போலத் தெரியவில்லை. முக்காமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேனர்ல கீறவங்க வருவாங்கல்லபா?" என்று ஒருமுறை கேட்டார்.

வந்தார்கள்.

பைக்குகள் வந்து நின்றன. ஆறேழு பேர். முன்னால் ஒரு பெரிய மீசைக்காரர், பேனரில் பார்த்த அதே மீசை. பெயர் ஏழுமலை, பிள்ளைப்பாக்கம். பாதி நிலத்தை விற்று மீதியில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவருடைய குரல் மட்டும்தான். தெருக் கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "எவண்டா அவன் பேனர் வெச்சது? எங்க வூட்டு மூஞ்சிய எவண்டா சாவு பேனர்ல போட்டது? வெளிய வாடா!"

ஓனரம்மா எழுந்து வாசலை மறித்தார். "இன்னாபா சத்தம்? கண்ணு தெரியல? துக்க வூடு இது."

ஏழுமலையின் வாய் அப்படியே நின்றது. நாற்காலிகளைப் பார்த்தார். உள்ளே மாலை போட்ட படத்தை, ஊதுவத்தியை, மொட்டைத் தலையோடு எழுந்து நிற்கிற முக்காமணியைப் பார்த்தார். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "செருப்ப கய்ட்டுங்கடா" என்றார் மெதுவாக. உள்ளே வந்தார். சண்டைக்கு வந்த இரண்டு கையையும் சேர்த்துத் துக்கம் கேட்க நீட்டினார். முக்காமணி அதைத் தொட்டார். எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

முக்காமணிக்கு எதுவும் விளங்கவில்லை. ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது. ஸ்பீக்கரில் 'மழ வர்ற மாதிரி'யைப் போட்டார்.

ஒப்பாரி மாதிரி ஏதோ சடங்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது நடக்கும்போது எழுந்தால் நன்றாக இருக்காது, முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு அந்தக் கோஷ்டியைத் தெரியாது. வாசிப்பு தணியும்போதெல்லாம் கடைசியில் இருந்தவர் முழங்காலில் கை ஊன்றுவார். கிடார் மறுபடி கிளம்பும். அவர் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த தடவை பாதி எழுந்தே விட்டார், டிரம்ஸ் வந்து அமுக்கி உட்காரவைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். சுடலை அதை அழுகை என்று நினைத்து என் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் யாரும் எழப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் நின்றுபோய்க் கிடார் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் ஓனரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், அவர் வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷம். சுடலை சுவரில் தலையைச் சாய்த்திருந்தான். ஏழுமலையின் மீசை நடுங்கியது. சிரிப்பெல்லாம் எனக்கு எங்கேயோ போய்விட்டது. விருத்தாசலத்தில் என் அம்மா தனியாகச் சாப்பிடுகிற நேரம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வரியும் திரும்பி வந்தது. பாட்டு முடிந்தது.

ஏழுமலைதான் முதலில் பேசினார். குரலில் கத்தல் இல்லை. "பேனர்ல எங்க தம்பி மூஞ்சி கீதுபா. புள்ளைக்குக் காது குத்துக்கு அடிச்ச பேனர்லேந்து எட்த்துட்டான் அந்தக் கடக்காரன். தம்பி போன ஆடியில பூட்டான். ஹைவேஸ்ல, பைக்குல. செத்தவன் எப்டிபா இன்னொருத்தர் சாவுக்குக் கையெட்த்துக் கும்புட்டுகினு நிப்பான்? பஸ்லேந்து பாத்தேன். அப்டியே எறங்கி, இவனுங்களக் கூப்ட்டுகினு வந்தேன்."

முக்காமணிக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. அந்த முகங்கள் ரசிகர்கள் இல்லை என்பதும் சேர்ந்து புரிந்தது. பிறகு, "தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. இப்பவே எறக்கிடறேன்" என்று எழுந்தார்.

ஏழுமலை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வோணாம். நாலு பேரு பாக்கறாங்க அவன. இருக்கட்டும்." பிறகு தொப்பிக்காரரின் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "பாவம், நல்லா வாசிச்சிருக்காரு. பதினாறாம் நாளு என்னிக்கு?"

முக்காமணி கிழமையைச் சொன்னார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அதனால் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். பைக் சத்தம் அடங்கும்வரை முக்காமணி அசையவில்லை.

"முழுசா கேட்டாங்கபா" என்றார். அப்போதுதான் அழுதார். தொப்பிக்காரர் செத்ததற்கும் அழாத மனிதர், சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். நான் தோளில் கை வைத்தேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் முக்காமணி காலையிலேயே அறையைக் கழுவிவிட்டார். வடை, பாயசம் எல்லாம் ஓனரம்மா பொறுப்பு. யாரும் வரமாட்டார்கள், மரியாதைக்குக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். அதை அவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்தார். தனியாகத்தான் வந்தார். கக்கத்தில் துண்டில் சுற்றிய ஒரு போட்டோ. சட்டம் போட்டது. இருபத்தைந்து வயதுப் பையன், சிரித்துக்கொண்டிருந்தான்.

உட்காரவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு நின்றுகொண்டே கேட்டார். "இவனுக்கும் ஒண்ணு போடறியாபா? அன்னிக்குப் போட்டியே, பெருசா, அந்த மாதிரி. அன்னிக்கு வூட்டுக்குப் போயி ரொம்ப நாளைக்கு அப்புறம் தூங்குனேன்."

முக்காமணி படத்தை வாங்கித் தொப்பிக்காரர் பக்கத்தில் வைத்தார். தொப்பிக்காரர் மாலையிலிருந்து பாதியைப் பிரித்து இவனுக்கும் போட்டார். பிறகு ஹார்ட் டிஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் விசாரிப்பதுபோல விசாரித்தார்.

"தம்பி எப்படிப்பட்ட ஆளுங்க? கோவக்காரரா, சாதுவா?"

"வாயாடிப்பா" என்றார் ஏழுமலை. "பேச ஆரம்பிச்சா நம்மள எழுந்திரிக்க வுடமாட்டான். கத எங்கியோ பூடும். சோறு ஆறிப் பூடும். டேய் வுடுறா, வேல கீதுன்னுவேன். இருண்ணா, இனிமேதான் கதையேம்பான்."

"தெரியும், இருங்க" என்றார் முக்காமணி. தேட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கொஞ்சம் போட்டுக் கேட்பார், தலையை ஆட்டி நிறுத்துவார், அடுத்ததற்குப் போவார். ஓனரம்மா வடையை மூடி வைத்தார். எனக்குச் செகண்ட் ஷிப்ட் இருந்தது, பஸ் போய்விட்டது, பரவாயில்லை என்று தோன்றியது. கடைசியில் ஒன்றில் அவர் கை நின்றது. இதுதான் என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் எங்களுக்கே தெரிந்தது.

பாட்டு ஆரம்பித்ததும் ஏழுமலை கீழே உட்கார்ந்தார். முக்காமணி அவருக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்க. சுடலையும் நானும் பின்னால். எத்தனையோ பேர் பாதியில் எழுந்து போன பழக்கம், முக்காமணிக்கு நம்பிக்கை வரவில்லை. நடுநடுவே தலையைத் திருப்பி நாங்கள் இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கேதான் இருக்கிறோம் அண்ணே, போகமாட்டோம், நீங்கள் பாட்டைக் கேளுங்கள்.